பழைய நாலடி மீன் தொட்டியில் டாரன்டுலா: தொட்டி, மூடி, மண் எல்லாவற்றுக்கும் மார்க்

முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பிவிடலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய நாலடி மீன் தொட்டிக்கு ஐந்துக்கு நாலு. அதோடு ஒட்டிக்கொண்டு வந்த, விளக்கு வைத்த பிளாஸ்டிக் மூடிக்கு பூஜ்யம். உள்ளே கொட்டிய மண்ணுக்கு ஐந்துக்கு ஐந்து. புது மூடிக்கு அக்ரிலிக் வெட்டிக் கொடுத்த கடைக்கு இரண்டரை, அது ஏன் என்று கீழே வருகிறது.

நான் இருப்பது லண்டனில். இங்கே டாரன்டுலா என்கிற பெரிய முடிச் சிலந்தியை வளர்க்க லைசென்ஸ் வேண்டாம். 1976-இல் வந்த ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டத்தின் பட்டியலில் விடோ, சிட்னி ஃபனல் வெப் போன்ற கடும் விஷச் சிலந்திகள் இருக்கின்றன, டாரன்டுலா இல்லை. தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்கள் தயவுசெய்து இதைப் பார்த்துவிட்டு வெளிநாட்டிலிருந்து பார்சல் வரவழைக்க வேண்டாம். 2021-இல் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த தபால் பார்சலை சென்னை விமான நிலைய சுங்கத்துறை பிரித்தபோது உள்ளே சின்னச் சின்ன பிளாஸ்டிக் குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகள் இருந்தன, அப்படியே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்கள். மெக்சிகோவின் பிராக்கிபெல்மா வகை டாரன்டுலாவெல்லாம், அழியும் அபாயத்தில் உள்ள உயிர்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருப்பவை, காகிதம் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது.

சரி, தொட்டிக்கு வருவோம். 120 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம், கீழே மர ஸ்டாண்ட், மொத்தம் 40 பவுண்டு. இவ்வளவு மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம், அடி மூலையில் ஒரு சிலிக்கான் இணைப்பு லேசாகக் கசிகிறது. மீன் வளர்க்கிறவனுக்கு ஒழுகுகிற தொட்டி வீட்டுக்குள் வரக்கூடாத சாமான், அதனால் விற்கிறவர்கள் பெரும்பாலும் தூக்கிக்கொண்டு போனால் போதும் என்ற மனநிலையில்தான் இருப்பார்கள். சிலந்திக்கு அந்தக் கசிவால் ஒரு நஷ்டமும் இல்லை. விளம்பரத்தில் "தண்ணீர் நிற்காது" என்று போட்டிருந்தால் நாம் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் கசிவு வேறு, விரிசல் வேறு. கண்ணாடியில் கீறல் ஓடியிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், ஈர மண் 150, 200 கிலோ உள்ளே உட்காரப்போகிறது. தண்ணீர் நிரப்பினாலே இந்த அளவுத் தொட்டி 240 கிலோவுக்கு மேல் வரும், அதனால் அதற்கென்று செய்த ஸ்டாண்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள், சாதாரண புத்தக அலமாரியின் மேல் வைக்கிற வேலை இல்லை.

வாங்கும்போது விலையைவிட முக்கியமாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மீனுக்கு அப்புறம் இதில் வேறு என்ன வளர்த்தீர்கள்? நிறையப் பேர் மீன் செத்ததும் அதே தொட்டியில் பாம்போ பல்லியோ வைத்திருப்பார்கள், அவற்றுக்கு உண்ணி வந்திருக்கும், உண்ணிக்கு ஸ்பிரே அடித்திருப்பார்கள். உண்ணியைக் கொல்லுகிற மருந்துக்குச் சிலந்தியும் அதே குடும்பத்துச் சொந்தம்தான். அப்படிப்பட்ட தொட்டியை நான் தொடமாட்டேன், எவ்வளவு கழுவினாலும் சிலிக்கான் இடுக்கில் மிச்சம் இல்லை என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நாய், பூனைக்குத் தெள்ளுப்பூச்சி மருந்து கழுத்தில் விட்ட கையோடு சிலந்தித் தொட்டிக்குள் கை விடுவதும் இதே கதை. எனக்குக் கிடைத்தது கடைசி வரை தங்கமீன் மட்டுமே இருந்த தொட்டி. லண்டன் தண்ணீரின் சுண்ணாம்பு வெள்ளை வெள்ளையாக விளிம்பெல்லாம் படிந்திருந்தது, வெள்ளை வினிகரில் நனைத்த துணியை ஒட்டிவைத்து, ஊறினதும் பிளேடால் சுரண்டினால் போய்விடுகிறது. சோப்பு போடவில்லை, தேவையும் படவில்லை.

போனில் விஷயத்தைக் கேட்ட அம்மா, "ஏண்டா, எட்டுக்கால் பூச்சிக்கு நாலடி வீடா? இங்க விளக்குமாத்தால அடிச்சு வெளிய தள்ளுவோம்" என்றார். விளக்குமாறை விடுங்கள், முதல் பாதியில் அம்மா சொன்னது முழுக்க சரி. ஒரு டாரன்டுலாவுக்கு நாலடி நீளம் தேவையே இல்லை. காட்டில் பெண் சிலந்தி ஒரு வளையைப் பிடித்தால் வருடக்கணக்கில் அதன் வாசலிலேயே குந்தியிருக்கும், இரவில் அரையடி வெளியே வரும், திரும்பப் போய்விடும். பெரிய தொட்டியில் விட்டாலும் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து அங்கேயே இருக்கும், மீதி மூன்றடி நம் கண்ணுக்கு அழகு. அதற்காகப் பெரிய தொட்டி வீண் என்று சொல்லமாட்டேன். இதில் பிரயோஜனம் நீளத்தால் இல்லை, ஆழத்தால். சிலந்திக்கென்று கடையில் விற்கிற, முன்பக்கம் கதவு வைத்த கண்ணாடிக் கூடுகள் பார்க்க அருமையாக இருக்கும், கதவுக்குக் கீழே உள்ள கண்ணாடி ஒரு சாணைத் தாண்டாது, அதற்கு மேல் மண் போட்டால் கதவைத் திறந்ததும் தரையில் கொட்டும். மீன் தொட்டியில் ஓரடிக்கு மண் போடலாம். தோண்டுகிற சிலந்திக்கு நாம் கொடுக்கக்கூடிய பெரிய வசதி அதுதான்.

ஆழமாக மண் போடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, இது விளையாட்டில்லை. தரையில் வாழும் டாரன்டுலாக்கள் உடம்பு கனமானவை, வயிற்றுத் தோல் மெல்லிசு. கண்ணாடியில் ஏறி, மேலேயிருந்து விழுந்து வயிறு கிழிந்தால் பிழைப்பது கஷ்டம். மண்ணின் மேல்மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே சிலந்தியின் கால் விரிப்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்பது வளர்ப்பவர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. 45 செ.மீ. உயரத் தொட்டியில் 30 செ.மீ. மண் போட்டால் மீதி 15. வளர்ந்த பிராக்கிபெல்மாவின் கால் விரிப்பே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும், ஆகவே பயமில்லை. வெறும் இரண்டு அங்குலம் மண்ணைத் தூவி, நடுவில் ஒரு மண்டை ஓட்டுப் பொம்மையை வைத்து போட்டோ போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாலடியை மூன்று அறையாகப் பிரித்தேன். ஒரே அறையில் இரண்டு டாரன்டுலா வைத்தால் சீக்கிரமே ஒன்றுதான் மிஞ்சும், மிஞ்சினது கொஞ்சம் குண்டாகவும் இருக்கும். சொகோத்ரா தீவின் மோனோசென்ட்ரோபஸ் பல்ஃபோரி மாதிரி கூட்டமாக வாழக்கூடிய சில வகைகள் உண்டு, அதெல்லாம் விதிவிலக்கு, முதல்முறை வளர்ப்பவர்களுக்கானது இல்லை. தடுப்புக்கு 6 மி.மீ. கண்ணாடி இரண்டு துண்டு, பக்கத்துக் கண்ணாடிக் கடையில் ஓரம் தேய்த்து 24 பவுண்டுக்குக் கொடுத்தார்கள். தடுப்பு அடிக்கண்ணாடி வரை போய் ஒட்ட வேண்டும், மண்ணின் மேல் நட்டுவைத்தால் ஒரே வாரத்தில் அடியில் சுரங்கம் போட்டு அடுத்த அறைக்கு விருந்துக்குப் போய்விடும். ஒட்டுவதற்கு மீன் தொட்டிக்கென்று விற்கிற சிலிக்கானையே வாங்குங்கள். குளியலறைக்கு விற்கிற சிலிக்கானில் பூஞ்சை வராமல் இருக்க மருந்து கலந்திருக்கும், அது நமக்கு ஆகாது. தொட்டி சிலிக்கான் காயும்போது வினிகர் வாசம் அடிக்கும், அந்த வாசம் சுத்தமாகப் போகிறவரை உள்ளே எதையும் விடாதீர்கள். மண் நிரப்பும்போது மூன்று அறையையும் சமமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் நிரப்பினால் தடுப்புக் கண்ணாடி அந்த அழுத்தம் முழுவதையும் தாங்க வேண்டியிருக்கும்.

மண் என்றால் எது? செடிக்கடையில் உரம் கலக்காத மேல்மண் 25 லிட்டர் மூட்டை நாலு பவுண்டுக்குக் கிடைக்கிறது. ஆறு மூட்டை, அதோடு கோகோபீட் கட்டி நாலு. சிலந்திக் கடைகளில் இதே சாமானைச் சின்னப் பையில் போட்டு சிலந்திப் படம் ஒட்டி விற்பார்கள், விலையைக் கேட்டால் தலை சுற்றும், இந்த அளவுத் தொட்டியை அதை வைத்து நிரப்பினால் சொத்தை எழுதி வைக்க வேண்டும். கோகோபீட் மட்டும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கத்தில் தென்னை நார் அடிக்கிற இடத்தில் மலைமலையாகக் கிடக்கும் அதே சாமான்தான், எனக்குத் தமிழ்நாட்டுப் பாசம் உண்டு, ஆனாலும் தனியாகப் போட்டால் காய்ந்ததும் பொலபொலவென்று சரிந்து வளை நிற்காது. மேல்மண் கூட இருந்தால் கையால் நன்றாக அமுக்கிவிட்ட பிறகு சிலந்தி குடைகிற வளை அப்படியே நிற்கிறது. அமுக்குவதில் சோம்பல் படாதீர்கள். ஒரு ஓரத்தில் கார்க் மரப்பட்டையைச் சாய்வாகப் புதைத்து அடியில் கையால் ஒரு பள்ளம் தொடங்கிவைத்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். நடு அறையில் இருக்கும் சுருட்டை முடிக்காரி, டிலிட்டோகாட்டில் அல்போபிலோசஸ், விட்ட ராத்திரியே வேலையை ஆரம்பித்து, தோண்டின மண்ணையெல்லாம் தண்ணீர்க் கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொட்டினாள். இன்றுவரை அந்தக் கிண்ணத்தில் சுத்தமான தண்ணீரை நான் பார்த்ததில்லை.

மற்ற இரண்டு அறைகளில் இடது பக்கம் மெக்சிகோவின் செம்முட்டிக்காரி பிராக்கிபெல்மா ஹமோரை (2017 வரை இந்த வகையைத்தான் பாதிப் பேர் ஸ்மிதி என்று பெயர் போட்டு விற்றார்கள், அப்புறம் இரண்டும் வேறு வேறு என்று வகைப்படுத்தினார்கள்), வலது பக்கம் பிரேசிலின் அகாந்தோஸ்குரியா ஜெனிகுலாட்டா. மூன்றுமே தரையில் வாழ்பவை, மூன்றுமே சற்றுக் காய்ந்த மண்ணில் ஒரு மூலையை மட்டும் நனைத்துவிட்டால் நிம்மதியாக இருப்பவை. மீன் தொட்டிக்கு இப்படிப்பட்ட வகைகள்தான் சரிப்படும், ஏனென்றால் இதன் பெரிய குறை காற்று. பக்கவாட்டில் ஒரு ஓட்டை கிடையாது, மேலே மட்டும்தான் வழி. எப்போதும் ஈரம் கேட்கிற தெரபோசா மாதிரி வகையை இதில் போட்டால் தேங்கின காற்றில் பூஞ்சை பிடிக்கும். பக்கக் கண்ணாடியில் வைர ஹோல் சா (வைரத்தூள் பதித்த வட்ட ரம்பம்) வைத்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டே மெதுவாகத் துளை போடலாம், செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அது டெம்பர்டு, அதாவது சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடியாக இருந்தால் டிரில் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி: கண்ணாடிக்குப் பின்னால் லேப்டாப் திரையை வெள்ளையாக வைத்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பாருங்கள், டெம்பர்டு என்றால் திட்டுத் திட்டாகவும் கோடு கோடாகவும் தெரியும். என் தொட்டியின் அடிக்கண்ணாடி அப்படித் தெரிந்தது, பக்கங்கள் தெரியவில்லை. ஆனாலும் நான் துளை போடவில்லை, காய்ந்த மண் வகைகளுக்கு மேலே நல்ல மூடி இருந்தால் போதும்.

அந்த நல்ல மூடிதான் மொத்த வேலையின் தலைவலி. கூட வந்த பிளாஸ்டிக் மூடியில் விளக்கு வயருக்கு ஒரு ஓட்டை, ஃபில்டர் குழாய்க்கு ஒரு ஓட்டை, தீனி போட ஒரு கதவு, அந்தக் கதவைப் பூனைக்குட்டி தள்ளினாலும் திறக்கும். வளர்ந்த டாரன்டுலா நாம் நினைப்பதைவிட பலசாலி, லேசான மூடியை முதுகால் தூக்கிவிடும். விளக்கின் சூடு வேறு. ஆகவே நேராகக் குப்பைக்கு. கம்பி வலை அடிக்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றும், வேண்டாம். தலைகீழாக ஏறும்போது கால் நுனியின் நகம் பின்னல் வலையில் சிக்கிக்கொள்ளும், இழுத்துக் காலை இழக்கும், அல்லது தொங்கி விழும். மெல்லிய வலையைக் கடித்தே ஓட்டை போடுகிற ஆட்களும் உண்டு.

அக்ரிலிக்தான் சரி, 5 மி.மீ. தடிமனில். 120 செ.மீ. நீளத்துக்கு ஒரே தகடாக வாங்காதீர்கள். அக்ரிலிக் ஈரத்தைக் குடிக்கும், அடிப்பக்கம் ஈரமும் மேல்பக்கம் காய்ந்தும் இருந்தால் மெதுவாக வளைந்து ஓரத்தில் வாயைப் பிளக்கும். அறைக்கு ஒன்றாக மூன்று தகடு, ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. இப்படிச் செய்தால் ஒரு அறைக்குத் தீனி போடும்போது மற்ற இரண்டும் மூடியே இருக்கும் என்ற லாபமும் உண்டு. தகடு மூன்றும் 48 பவுண்டு, தொட்டியைவிட அதிகம், அதில்கூட எனக்குக் கோபம் இல்லை. காற்று ஓட்டைக்கு அந்தக் கடையில் ஒவ்வொரு துளைக்கும் தனிக்காசு என்றார்கள். 3 மி.மீ. துளை ஒரு தகட்டுக்கு நூறாவது வேண்டும், கணக்குப் போட்டுப் பார்த்தால் தகட்டின் விலையைத் துளை தாண்டுகிறது. அதுவும் பரவாயில்லை, போனில் பேசியபோது "துளையெல்லாம் சேர்த்துத்தான்" என்று சொல்லிவிட்டு, காசு கட்டி முடித்த பிறகு மாற்றிப் பேசினதற்குத்தான் பாதி மார்க்கை வெட்டினேன். வெட்டு மட்டும் சொன்ன அளவுக்கு மில்லிமீட்டர் பிசகாமல் இருந்தது, அதை மறைக்கக்கூடாது.

துளையை வீட்டிலேயே போட்டுக்கொண்டேன். தகட்டின் மேலிருக்கும் காகிதத்தை உரிக்காமல், அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து இறுக்கி, டிரில்லைக் குறைந்த வேகத்தில் ஓட்டினால் விரிசல் விடாது, வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகி பிட்டில் சுற்றிக்கொள்ளும். பொறுமை இருப்பவர்களுக்குக் கடினமான வேலையில்லை, ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். கடைசியாக ஒரு சின்ன விஷயம் பாக்கி இருந்தது. தொட்டியின் மேல்விளிம்பில் நீளவாக்கில் பலத்துக்காக ஒட்டியிருக்கும் கண்ணாடிப் பட்டைகளை எடுக்கக்கூடாது. அவற்றின் அடியில்தான் தடுப்பு நிற்கும், ஆகவே தடுப்பின் தலைக்கும் மூடிக்கும் நடுவே ஒரு விரல் அளவுக்குச் சந்து விழுகிறது. அதற்கு மூடியின் அடிப்பக்கத்தில் ஓர் அக்ரிலிக் பட்டை ஒட்டி அடைத்தேன். ஸ்பாஞ்சை வைத்து அடைக்காதீர்கள், பிய்த்து எறிந்துவிடும்.

சூட்டுக்கு எதுவும் வைக்கவில்லை. வீடு 20, 22 டிகிரியில் இருக்கிறது, இந்த மூன்றுக்கும் அது போதும். மீன் தொட்டிதானே என்று அடியில் ஹீட் மேட் போடுவது மட்டும் கூடவே கூடாது. சூடு தாங்காவிட்டால் டாரன்டுலா கீழ்நோக்கித் தோண்டும், கீழேதான் அடுப்பு இருக்கும்.

இனி குறைகள். மேலேயிருந்து திறக்கிற தொட்டி என்பதால் நம் முகமும் கையும் எப்போதும் சிலந்தியின் தலைக்கு மேலே இருக்கும். அமெரிக்கக் கண்டத்து வகைகளில் பெரும்பாலானவை பின்னங்காலால் வயிற்று முடியை உதறிவிடும், ஒரு தடவை மணிக்கட்டில் பட்டால் ராத்திரி முழுக்க அரிக்கும், கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரி. நீளமான இடுக்கி, கண்ணுக்குக் கண்ணாடி, இரண்டும் கட்டாயம். அடுத்தது தீனி. 40 செ.மீ. அறையில் ஓரடி மண்ணில் விட்ட சில்வண்டு எங்கே போய் ஒளிந்தது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது, சிலந்தி சட்டை உரித்து மெத்தென்று கிடக்கும் நேரத்தில் அது வந்து கடித்துவிடும். அதனால் நான் டூபியா கரப்பானின் தலையை நசுக்கி வளை வாசலில் வைக்கிறேன், அல்லது இடுக்கியில் பிடித்துக் காட்டுகிறேன், எடுக்கவில்லை என்றால் மறுநாள் எடுத்துவிடலாம். மிச்சம் மீதியைத் தின்ன மண்ணில் ஸ்பிரிங்டெயில், ஐசோபாட் என்கிற குட்டிப் பிராணிகளைக் கொஞ்சம் விட்டிருக்கிறேன், பூஞ்சையும் உண்ணியும் இதுவரை எட்டிப்பார்க்கவில்லை. மூன்றாவது, எடை. மண் போட்ட பிறகு இந்தத் தொட்டியை இரண்டு பேர் சேர்ந்தாலும் ஒரு அங்குலம் நகர்த்த முடியாது, அதனால் ஜன்னல் வெயில் படாத இடத்தை முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். ஒரு அறைக்கு மட்டும் ஏதாவது வியாதி வந்தால் தனியாகத் தூக்கி வெளியே வைக்கிற வசதியும் இல்லை. தனித்தனி டப்பாக்களில் வளர்ப்பவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிற இடம் இதுதான், அவர்கள் சிரிப்பில் நியாயம் இருக்கிறது.

மரத்தில் வாழும் வகைகளை இதில் வைக்கலாமா என்று ராமநாதபுரத்து நண்பன் ஒருவன் கேட்டான். கேட்டதற்குக் காரணம் இருக்கிறது, எங்கள் மாவட்டத்து ராமேஸ்வரத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு டாரன்டுலாவே உண்டு, பொயிசிலோதீரியா ஹனுமாவிலாசுமிகா, 2004-இல் அறிவியல் பெயர் வைத்தார்கள், இன்று மிக மோசமான அழிவு அபாயத்தில் இருக்கிறது. அந்த வகை மரப்பொந்தில் வாழ்வது, உயரம் கேட்கும், மின்னல் வேகம், முடி உதறாது, கடித்தால் தசையெல்லாம் இழுத்துப் பிடிக்கும். இரண்டடி நீளத்துக்குள் இருக்கும் தொட்டியை நெட்டுக்குத்தாக நிறுத்தி, திறந்த பக்கத்தில் கதவு வைத்துச் சிலர் அதற்குப் பயன்படுத்துகிறார்கள். நாலடித் தொட்டியை அப்படி நிறுத்துவது நடக்காத காரியம். எங்கள் ஊர்க்காரியை நான் வளர்க்கப்போவதும் இல்லை, அது அந்த மரத்திலேயே இருக்கட்டும்.

மொத்தச் செலவு தொட்டி 40, தடுப்பு 24, சிலிக்கான் 8, மண்ணும் கோகோபீட்டும் 36, மூடி 48, ஆக 156 பவுண்டு. மூன்று சிலந்திக்குத் தலா 52. தோண்டுகிற வகை இரண்டு மூன்று வைத்திருக்கிறீர்கள், வாடகை வீட்டை இப்போதைக்கு மாற்றப்போவதில்லை, டிரில் பிடிக்கத் தெரியும் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஒரே ஒரு சிலந்தி, அதுவும் இன்னும் குட்டி என்றால் இப்போதைக்கு ஒரு சின்ன டப்பா போதும், இந்தத் தொட்டிக்குள் அதைத் தேடுவதற்கே உங்களுக்கு லென்ஸ் வேண்டியிருக்கும். பக்கத்துத் தெருவில் ஆறடித் தொட்டி ஒன்று இலவசமாகப் போட்டிருக்கிறார்கள், பார்த்தேன், அழகான சாமான், ஆனால் எங்கள் மாடிப்படியில் திரும்பாது. வேண்டும் என்பவர்கள் விசாரிக்கலாம், மூடி மட்டும் நம் தலையில்.